ஒரு ஏக்கர் காலி இடம்: புல்வெளியா, திடலா, தோப்பா, குளமா?

சென்னைப் புறநகரில் வீடு வாங்கிய யாருக்கும் 'ஓ.எஸ்.ஆர். இடம்', அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம், தெரிந்திருக்கும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலைகள் போக மிஞ்சும் பரப்பில் பத்து சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்குமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளும் இதையேதான் சொல்கின்றன. பத்திரம் எழுதியதோடு பல இடங்களில் கதை நின்றுவிடும். சீமைக்கருவேலம் மண்டும், கட்டட இடிபாட்டை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஏழெட்டு வருஷம் கழித்து ஒருநாள் நிதி வரும், பொறியாளர் வருவார், "என்னென்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்பார். அப்போதுதான் குடியிருப்போர் முழித்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் பட்டியல் போடத் தொடங்குவோம்.

எங்கள் நகரிலும் இப்போது அந்தக் கட்டம். இடம் ஒரு ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டர். ஊஞ்சலில் தொடங்கி நீச்சல்குளம் வரை குழுவில் யோசனைகள் குவிந்துவிட்டன. அவற்றை உற்றுப் பார்த்தால் உள்ளே நாலே நாலு வகைப் பூங்காதான் இருக்கிறது. அந்த நாலையும் எடைபோட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. இதே நிலையில் இருக்கும் மற்ற நகர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. கோயில், சமுதாயக் கூடம், மேல்நிலைத் தொட்டி, கார் நிறுத்துமிடம் என்றெல்லாம் கேட்கிறவர்கள் எல்லா நகரிலும் உண்டு. அவை தேவையே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் இந்த இடம் அதற்கானது இல்லை. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டது. மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால் கார் நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். தானப் பத்திரத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் பாதி வாக்குவாதம் குறையும்.

புல்வெளிப் பூங்கா

யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தானாக வந்து சேர்வது இதுதான். நடுவில் லான், சுற்றிலும் பேவர் பிளாக் பாதை, ஒரு ஃபவுண்டன், கிரானைட் பெஞ்ச், ஓரத்தில் குரோட்டன்ஸ் வரிசை. திறப்பு விழா அன்று கண்ணைப் பறிக்கும். ஒப்பந்தக்காரருக்கும் பழகிய வேலை, மூன்று மாதத்தில் முடித்துவிடுவார்.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. சென்னை வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு ஐந்து லிட்டராவது வேண்டும். 1,500 சதுர மீட்டர் லான் என்றால் தினமும் 7,500 லிட்டர். 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றிப்போய், குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படி ஒரு வருஷம் திரும்ப வந்தால் முதலில் காய்வது இந்தப் புல்தான். காய்வதும் நியாயம்தான். பக்கத்து அடுக்குமாடியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்து, அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டுத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் கணக்கு மாறும். அது இல்லாத இடத்தில் லான் கேட்பதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. இவ்வளவு பாடுபட்டு வளர்த்த புல்லில் 'மிதிக்காதீர்கள்' என்று பலகை வைத்துவிடுவார்கள். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு பார்ப்பதற்கு மட்டும் என்று ஆகிவிடும். இடமே கிடைக்காத ஊரில் இது தாங்காது. ஃபவுண்டனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: மோட்டார் பழுதான அன்றிலிருந்து அது கொசு வளர்க்கும் தொட்டி.

திடல்

வெறும் மண் தரை, சுற்றிலும் வேலி. செலவும் குறைவு, தண்ணீரும் வேண்டாம். கிரிக்கெட், கபடி, ஷட்டில், பொங்கலுக்குக் கோலப்போட்டி, ஆகஸ்ட் 15-க்குக் கொடியேற்றம், எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். நாலு வகையில் பயன் அதிகம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். காலி இடம் வேலை முடியாத இடம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எதையாவது கட்டி நிரப்பினால்தான் பணம் செலவழித்ததாக ஆகும் என்று நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு வேண்டியதோ அந்தக் காலி இடம்தான்.

ஆனால் திடலை அப்படியே விட்டுவிட்டால் அது யார் கைக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாலை நாலரைக்குப் பதினாறு வயதுப் பையன்கள் ஸ்டம்ப் நட்டுவிட்டால், எட்டு வயதுக் குழந்தைகள் சுவர் ஓரம் ஒதுங்கிவிடுவார்கள், பெண் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். இது நம்மூர்ப் பையன்களின் குறை மட்டுமில்லை. ஆஸ்திரியாவின் வியன்னாவில் 1990-களின் நடுவில் செய்த ஆய்வில், ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதைக் கண்டுபிடித்தார்கள், பையன்களின் வருகை குறையவில்லை. பெரிய திடலுக்குப் பையன்களோடு போட்டிபோட அந்தச் சிறுமிகள் விரும்பவில்லை. நகராட்சி இரண்டு பூங்காக்களை எடுத்து, பெரிய திறந்தவெளியைச் செடிகொடிகளால் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தது, பாதைகளைக் கூட்டியது, கைப்பந்துக்கும் பாட்மிண்டனுக்கும் தனியிடம் வைத்தது. பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள்.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது இது: திடல் வேண்டும், ஆனால் ஏக்கர் முழுக்கத் திடலாக இருக்கக் கூடாது. பெரிதாக ஒன்று, அதைவிட்டுத் தள்ளி மரங்களுக்கு அந்தப்பக்கம் ஷட்டில் கோர்ட் அளவில் இன்னொன்று. இரண்டுக்கும் வழி வேறுவேறாக இருக்க வேண்டும்.

தோப்பு

சமீப வருஷங்களில் 'மியாவாக்கி' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறை. மண்ணை ஆழமாகத் தோண்டி எருவிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நாலு நாட்டுக் கன்றுகள் வீதம் நெருக்கி நட்டால், வெளிச்சத்துக்குப் போட்டிபோட்டு வேகமாக மேலே எழும்பும். முதல் இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் விட்டால் போதும். சென்னையில் கோட்டூர்புரத்தில் தொடங்கிப் பல இடங்களில் மாநகராட்சி இதைச் செய்திருக்கிறது. பறவை, பட்டாம்பூச்சி எல்லாம் வரும், புழுதியை வடிகட்டும். ஆனால் மனிதர் உள்ளே நுழைய முடியாது. அவ்வளவு அடர்த்தி. ஏக்கர் முழுவதும் மியாவாக்கி என்று சிலர் கேட்பதில் நல்லெண்ணம் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் வேறு விளையாட்டிடமே இல்லாத நகருக்கு அது சரிப்படாது. ஓரத்தில் ஒரு பட்டையாக வைத்துக்கொள்ளலாம்.

நான் தோப்பு என்று சொல்வது, அடியில் உட்காரக்கூடிய நிழல் மரங்களை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். எந்த மரம் என்பதைவிட எந்தப் பக்கம் மரம் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. பூங்காவுக்குக் கூட்டம் வருவது மாலை நாலுக்கு மேல். அப்போது வெயில் மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கும். மே மாதத்தில் நாலேகால் மணிக்குச் சூரியன் ஏறத்தாழ முப்பது பாகை உயரத்தில் நிற்கும். எட்டு மீட்டர் உயர மரத்தின் நிழல் அந்த நேரத்தில் கிழக்கே 14 மீட்டர் நீளும். ஆகவே பெரிய மரங்கள் மேற்கு ஓரத்திலும், குழந்தைகள் விளையாடும் இடம் அவற்றுக்குக் கிழக்கேயும் இருக்க வேண்டும். வரைபடத்தில் அழகாக இருக்கிறது என்று சறுக்குமரத்தை மேற்குப் பார்த்து வெட்டவெளியில் நிறுத்திவிட்டால் ஆறு மணி வரை அதில் கைவைக்க முடியாது.

எந்த மரம்? 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்தவற்றில் குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற வெளியிலிருந்து வந்தவை ஏராளம். சீக்கிரம் வளரும், பூத்துக் குலுங்கும், காற்றுக்குத் தாங்காது. அதனால் வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், நாவல், இலுப்பை, நீர்மருது என்று போவதுதான் சரி. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் புன்னையைச் சேர்த்துக்கொள்ளலாம். புங்கன் பங்குனி வாக்கில் இலையுதிர்த்து, சித்திரை வெயில் ஏறும்போது பச்சைப் பசேலென்று தளிர்த்து நிற்கும். நமக்கு எப்போது நிழல் வேண்டுமோ அப்போது தரும் மரம் அது. நாவல் பழம் விழுந்து தரை கறையாகும் என்று ஆட்சேபிக்கிறவர்கள் உண்டு. பாதைமேல் நடாமல் உள்ளே தள்ளி நடலாம். பழம் பொறுக்கப் பிள்ளைகள் வருவது பூங்காவுக்கு நல்லதுதானே. சீக்கிரம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வைக்கச் சொன்னால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். குஜராத் அரசு 2023-ல் அதை நடவே தடை போட்டது.

குளம், அல்லது மழையை வாங்கும் பூங்கா

2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளத்தில் நின்ற பகுதிகளில் இப்போது 'ஸ்பாஞ்ச் பார்க்' கேட்கிறார்கள். பூங்காவின் ஒரு பகுதியைப் பள்ளமாக்கி, சுற்றியுள்ள மழைநீரை அதில் இறக்கி, நிலத்துக்குள் விடுவது. மாநகராட்சியே பல பூங்காக்களில் இதைச் செய்திருக்கிறது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. நம் ஒரு ஏக்கரில் மட்டும் 56 லட்சம் லிட்டர் விழுகிறது, பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். அதை வடிகாலில் தள்ளிவிட்டு ஏப்ரலில் லாரி கூப்பிடுகிறோம்.

நிரந்தரக் குளம் தோண்டினால் சுற்றிக் கம்பி வேண்டும், காவல் வேண்டும், அந்தப் பரப்பு வருஷம் முழுக்க வேறு எதற்கும் உதவாது. ஒரு ஏக்கரில் அது கட்டுப்படியாகாது. இங்கேதான் குளத்தையும் திடலையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2013-ல் பெந்தம்பிளைன் என்ற சதுக்கத்தை இப்படிக் கட்டினார்கள். மற்ற நாட்களில் பந்து விளையாடும் பள்ளமான அரங்கு, பெருமழை நாளில் தண்ணீர்த் தொட்டி. 17 லட்சம் லிட்டர் வரை பிடிக்கும்.

நம் கணக்குக்கு வருவோம். திடல் 1,200 சதுர மீட்டர், அதைச் சுற்றியுள்ள தரையைவிட ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 5.4 லட்சம் லிட்டர் கொள்ளும். ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை கொட்டினாலும் இந்த ஏக்கரில் விழுவது நாலு லட்சம் லிட்டர்தான். மொத்தமும் திடலுக்குள் அடங்கிவிடும், பக்கத்துத் தெருவின் தண்ணீருக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும். திடலைச் சுற்றி இரண்டு மூன்று படி வைத்தால் அதுவே உட்கார்ந்து பார்க்கும் இடம், தனியாகக் கேலரி வேண்டாம். பந்து பாதைக்கு ஓடிவருவதும் குறையும்.

இது எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடங்களில் தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள களிமண்ணில் நாள்கணக்கில் நிற்கும், நவம்பரில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடும். அங்கே பள்ளத்தை அரையடியாகக் குறைத்து, சுற்றி உறைகிணறுகள் இறக்கி, மிஞ்சியது மழைநீர் வடிகாலுக்குப் போகும்படி வழி வைக்க வேண்டும். எந்த மண் என்று அறிய ஆய்வகத்துக்கெல்லாம் போக வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மூன்றடிக் குழி ஒன்று வெட்டித் தண்ணீர் நிரப்பிவிட்டு, மறுநாள் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். வரைபடம் கேட்கிறவர்கள் யாரும் இந்தக் குழியைக் கேட்பதில்லை.

ஆக, என் தேர்வு: நடுவில் தாழ்ந்த திடல், மேற்கிலும் தெற்கிலும் தோப்பு, லான் கிடையாது. மேற்குச் சுவரை ஒட்டி 200 சதுர மீட்டர் மியாவாக்கிப் பட்டை. மேற்குத் தோப்புக்குக் கிழக்கே, நிழல் விழும் பட்டையில் சின்னப் பிள்ளைகள் பகுதியும் ஷட்டில் கோர்ட்டும்.

மற்ற வசதிகளில் எதைக் கேட்பது

சுற்றுப்பாதை வேண்டும், அதில் தகராறு இல்லை. இந்த அளவு இடத்தில் வேலியிலிருந்து நாலு மீட்டர் தள்ளிப் போட்டால் ஒரு சுற்று 220 மீட்டர் வரும், ஐந்து சுற்றில் ஒரு கிலோமீட்டருக்கு மேலே நடந்துவிடலாம். அகலம் 1.8 மீட்டர் இருந்தால் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்டிப் போக முடியும். பெரியவர்கள் கேட்கும் எட்டு வடிவப் பாதையையும் தோப்புக்குள் போட்டுவிடலாம், செலவு சொற்பம்.

ஓப்பன் ஜிம்மை வீண் என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். காசு கட்டி ஜிம்முக்குப் போக முடியாத, போகக் கூச்சப்படும் பெண்களும் வயதானவர்களும் அதை உண்மையாகவே பயன்படுத்துகிறார்கள். பன்னிரண்டு கருவி வாங்கி, பேரிங் துருப்பிடித்து எட்டு நிற்பதைவிட, நல்லதாக நாலு வாங்கி நிழலில் நிறுத்தலாம். கூடவே உதிரி பாகம் தரும் பொறுப்பையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

குழந்தைகள் பகுதியில் ரப்பர் தரையா, மணலா? ரப்பர் பார்க்க நன்றாக இருக்கும், வெயிலில் கொதிக்கும், இரண்டு மூன்று வருஷத்தில் ஓரம் பெயரும். மணலில் விழுந்தால் அடிபடாது, அதுவே விளையாட்டுப் பொருளும்கூட. நாய் பூனை அசிங்கம் பண்ணும் என்பது உண்மைதான், தினமும் கிளறிவிட ஆள் வேண்டும். அப்படியும் என் ஓட்டு மணலுக்கே. 1947 முதல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் நூற்றுக்கணக்கில் விளையாட்டிடங்கள் அமைத்தார். அகலமான விளிம்பு வைத்த மணல் குழி, தாண்டிக் குதிக்கக் கற்கள், தொங்குவதற்குக் கம்பி. பெரும்பாலும் இவ்வளவுதான். பல வண்ண பிளாஸ்டிக் யானையைவிடப் பிள்ளைகள் இவற்றில்தான் அதிக நேரம் நிற்பார்கள்.

வாசலைப் பற்றிப் பேச ஆளே இல்லை, ஆனால் யார் உள்ளே வரலாம் என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. பைக் நுழையாமல் இருக்க வளைந்து வளைந்து போகும் கம்பி வைத்துவிடுகிறோம். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டிக் குழந்தையும் அதில் நுழைய முடியாது. 90 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் நுழைய முடியும், ஆனால் பைக்கும் நுழையும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இடைவெளிதான் வேண்டும் என்பேன். பைக்கைத் தடுக்க ஆள் போடலாம், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு வேறு வழி கிடையாது. திடலில் இறங்க 1:12 சரிவில் சாய்தளம் வைத்தால் 45 சென்டிமீட்டருக்கு ஐந்தரை மீட்டர் நீளம் போதும். இதை முதலிலேயே வரைபடத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு சேர்க்கிறோம் என்றால் செங்குத்தாக ஒரு சிமென்ட் மேட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

வேலி: தெருவிலிருந்து உள்ளே தெரிய வேண்டும். ஆளுயரக் காம்பவுண்ட் சுவர் இருக்கும் பூங்காவுக்கு இருட்டிய பிறகு பெண்கள் தனியாக வரமாட்டார்கள். இரண்டடிச் சுவரும் அதன்மேல் கிரில்லும் போதும். விளக்கும் அப்படித்தான். நடுவில் ஒரே ஹைமாஸ்ட் நிறுத்தினால் திடல் ஜொலிக்கும், மரத்தடிப் பாதை இருட்டாகவே கிடக்கும். பன்னிரண்டு பதினாலு அடிக் கம்பங்களைப் பாதையோரமாகப் பரவலாக வைக்க வேண்டும்.

கழிப்பறை வேண்டாம், நாறும் என்று குழுவில் பலர் எழுதியிருந்தார்கள். கழிப்பறை இல்லாத பூங்காவில் சர்க்கரை நோய் உள்ள பெரியவரும், மாதவிடாய் நாளில் இருக்கும் பெண்ணும், சின்னக் குழந்தையைக் கூட்டிவரும் தாயும் அரைமணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது. நாறுவதற்குக் காரணம் கட்டடம் கிடையாது, சுத்தம் செய்ய ஆள் வைக்காதது. ஆகவே இதைக் கட்டடச் செலவாகப் பார்க்காமல் ஒருவரின் மாதச் சம்பளமாகப் பார்க்க வேண்டும். மணலைக் கிளறுகிறவர், பைக்கைத் தடுக்கிறவர், கன்றுக்குத் தண்ணீர் விடுகிறவர், கழிப்பறையைப் பார்த்துக்கொள்கிறவர்: முறை மாற்றி இரண்டு பேர் முழுநேரமும் இருந்தால் மேலே சொன்ன எல்லாமே நடக்கும். அவர்கள் இல்லாவிட்டால் எந்த வடிவமைப்பும் ஒரே வருஷத்தில் பாழ். ஃபவுண்டன், வளைவு, செயற்கை அருவி இவற்றுக்குப் போகும் பணத்தை இங்கே திருப்பச் சொல்லிக் கேளுங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதி கட்டினால் மீதியை அரசு போடும். கட்டுமானத்துக்கு அப்படி வழி இருக்கிறது. சம்பளத்துக்கு உள்ளாட்சியோடு பேசி எழுத்தில் வாங்க வேண்டும், விட்டுப்போனதைச் சங்கம் ஏற்க வேண்டும்.

ஆள் இருந்தால் இன்னொன்றும் கைகூடும். காலை பத்து மணிக்குப் பூட்டிவிட்டு மாலை நாலு மணிக்குத் திறக்கும் வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அந்த ஆறு மணி நேரத்தில்தான் வீட்டு வேலை செய்யும் பெண்கள் இரண்டு வீட்டுக்கு நடுவே சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்கார இடம் தேடுகிறார்கள், டெலிவரிப் பையன்கள் பாலத்தடியில் ஒதுங்குகிறார்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் சிமென்ட் மூட்டை பக்கத்தில் தலைசாய்க்கிறார்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் இவர்கள் யாரும் இல்லை, அதனால் பட்டியலிலும் இவர்கள் கேட்பது எதுவும் இல்லை. நண்பகலில் திறந்திருக்கும் வாசல், ஒரு குடிநீர்க் குழாய், நிழலில் முதுகு சாய்க்க முடிகிற பெஞ்ச். இந்த மூன்றையும், பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்தில் நான் எழுதியே கொடுக்கப்போகிறேன். நீங்களும் உங்கள் வார்டில் கேளுங்கள்.

வரைபடம் ஒப்புதலாகி, டெண்டர் விட்டு, வேலை தொடங்க எப்படியும் பல மாதம் ஆகும். ஆனால் மேற்கு ஓரத்தில் எந்த வடிவமைப்பிலும் மரம்தான் வரப்போகிறது. ஆடிக்குள் குழி வெட்டி, ஆவணி புரட்டாசிக்குள் கன்று வைத்தால், ஐப்பசி மழை வேரைப் பிடிக்க வைத்துவிடும். அதற்கு மட்டும் பொறியாளரிடம் முன்அனுமதி கேட்டுவிட்டோம். கூண்டும் கன்றும் நகர்க்காரர்கள் செலவு.